வாசகர் கேள்வி - பதில்: லூப் ஆன்டெனாவின் தூண்டல் கணக்கு

கேள்வி: 22 மி.மீ. செப்புக் குழாயில் 1 மீட்டர் விட்டத்துக்கு ஒற்றைச் சுற்று லூப் செய்தேன். கணக்கில் தூண்டல் (inductance) 2 மைக்ரோஹென்றி, 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இசைக்க 250 பிகோஃபாரட் கெபாசிட்டர் வேண்டும். ஆனால் 200-ஐ ஒட்டித்தான் ஒத்ததிர்வு கிடைக்கிறது. எங்கே தவறு?

பதில்: குழாயின் ஆரம் வர வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். பலரும் சறுக்கும் இடம் இது.

வட்ட லூப்புக்கான சூத்திரம்: தூண்டல் (மைக்ரோஹென்றியில்) = 1.257 × லூப் ஆரம் × [இயல் மடக்கை (8 × லூப் ஆரம் ÷ குழாய் ஆரம்) − 2]. அளவெல்லாம் மீட்டரில். உங்கள் லூப்புக்கு 8 × 0.5 ÷ 0.011 = 363.6. இதன் இயல் மடக்கை 5.90, இரண்டைக் கழித்தால் 3.90. அதை 0.6285-ஆல் பெருக்கினால் 2.45 மைக்ரோஹென்றி. தேவையான கெபாசிட்டர் 205 பிகோஃபாரட். கால்குலேட்டரில் பத்தடிமான மடக்கையை அழுத்திவிடாதீர்கள், விடை 0.35-க்குச் சரிந்துவிடும்.

மிச்சமுள்ள 5 பிகோஃபாரட் வித்தியாசம் உங்கள் தவறல்ல. லூப் முழுக்க மின்னோட்டம் ஒரே அளவு என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. சுற்றளவு அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டத் தாண்ட அது பொய்க்கும். 7.1 மெகாஹெர்ட்ஸில் பிழை 2 சதவீதத்துக்குள், 14.2-ல் சுமார் 8 சதவீதம். அங்கே கணக்கு 51 பிகோஃபாரட் சொல்லும், 47-ஐ ஒட்டி ஒத்திசையும். குழாய் முனைகளுக்கிடையில் தானாகவே உருவாகும் சிதறல் கொள்ளளவு, கெபாசிட்டரின் தேவையை இன்னும் குறைக்கும். எனவே மாறு கெபாசிட்டரின் குறைந்தபட்ச அளவைத் தாராளமாகக் கீழே வைத்துத் தேர்ந்தெடுங்கள்.