வீட்டில் பிசியோதெரபி: போன் எங்கே உதவும், எங்கே உதவாது?

கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பியவற்றில் வீட்டுப் பயிற்சி பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் சொல்கிறோம். பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் ஒன்றிரண்டு தடவைதான் நோயாளியைப் பார்க்கிறார். மற்ற நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் கண்முன் கொண்டுபோய் வைப்பதுதான் போன் செய்யக்கூடிய பெரிய உதவி.

அம்மாவுக்கு 68 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம் நடக்கிறது. முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று போனிலேயே அளக்கலாம் என்கிறார்களே, எப்படி?
– வாசகி, மஞ்சக்குப்பம்

அளக்கலாம். புவியீர்ப்பின் திசையை உணரும் சென்சார் ஸ்மார்ட்போனுக்குள் இருக்கிறது. போன் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதை அது சொல்லும். ஐபோனில் ‘மெஷர்’ ஆப்புக்குள்ளேயே சாய்வைக் காட்டும் ‘லெவல்’ உண்டு. ஆண்ட்ராய்டில் ‘பபிள் லெவல்’ என்று தேடி, சாய்வை எண்ணாகக் காட்டும் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். எந்த ஆப்பாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். போனின் நீள விளிம்பை மேசைமேல் நிறுத்தி, மெல்ல நட்டமாகத் திருப்புங்கள். எண் 0-விலிருந்து 90 வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். 45-ஐத் தாண்டியதும் இறங்கத் தொடங்கினால் அந்த ஆப் இந்த வேலைக்கு ஆகாது.

அம்மா மல்லாந்து படுக்கட்டும். உடம்பு அமுங்கும் மெத்தை வேண்டாம்; பெஞ்சு அல்லது ஜமக்காளம் விரித்த பலகைக் கட்டில் நல்லது. குதிகாலைப் படுக்கையிலிருந்து எடுக்காமல் உடம்பை நோக்கி இழுத்து, முடிந்தவரை முட்டியை மடக்கி, நீங்கள் அளந்து முடிக்கும்வரை அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டால் எளிதாகச் சறுக்கும்.

போனின் முதுகுப்புறத்தைத் தொடையின் வெளிப்பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து முட்டியின் வெளிப்பக்க மேடு வரை ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொண்டு, போனின் நீள விளிம்பை அந்தக் கோட்டோடு சேருங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, முட்டியின் வெளிப்பக்க மேட்டிலிருந்து கணுக்காலின் வெளிப்பக்க மேடு வரை அதே மாதிரி வைத்து இரண்டாவது எண்ணை எடுங்கள். இரண்டையும் கூட்டினால் முட்டி மடங்கிய அளவு கிடைக்கும். தொடை 42, கீழ்க்கால் 46 என்றால் 88 டிகிரி. முன்பக்கம் வைத்தால் தையல்மேல் போன் படும். தொடைச் சதையின் சரிவும் கணக்கைக் கெடுக்கும். அதனால்தான் வெளிப்பக்கம் வைக்கச் சொல்கிறோம்.

மடங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு நீட்டுவதை மறந்துவிடுகிற வீடுகள்தான் அதிகம். முட்டி முழுதாக நீளாவிட்டால் நடை நொண்டும், தொடைத் தசை சீக்கிரம் அசந்துபோகும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, காலை நீட்டி, அதே இரு இடங்களிலும் அளவெடுங்கள். தொடையும் கீழ்க்காலும் ஒரே பக்கம் சரிந்திருந்தால் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கம் சரிந்திருந்தால் கூட்ட வேண்டும். விடை 0-வுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிற பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிப்போகும்.

ஒரே ஆள், ஒரே நேரத்தில், பயிற்சி முடித்தவுடன் அளக்க வேண்டும். காலையில் விறைப்பு, சாயங்காலம் வீக்கம் என்று அளவு மாறும். 5 டிகிரிக்குள் ஏறி இறங்குவதைப் பொருட்படுத்தாதீர்கள். கை வைக்கிற இடம் சற்று நகர்ந்தாலே அவ்வளவு வித்தியாசம் வரும். வாரத்துக்கு இரண்டு அளவு போதும். தினமும் அளந்தால் அம்மாவுக்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். நாற்காலியிலிருந்து வசதியாக எழ 90 டிகிரிக்குச் சற்று மேல் வேண்டும். ஆறாவது வாரத்திலும் 90-ஐத் தொடவில்லை என்றால் காத்திருக்காமல் அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே தழும்புத் திசு இறுகிவிட்டால் மீட்பது கடினம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அளவெடுப்பது அப்புறம்; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

தோள் இறுக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “ஒன்றும் தெரியவில்லை” என்று பதில் வந்தது. எப்படி எடுக்க வேண்டும்?
– வாசகர், முத்தியால்பேட்டை

உங்களுக்குப் பின்னால் ஜன்னலோ திறந்த வாசலோ இருந்திருக்கும். அப்படியானால் உருவம் கறுத்துத்தான் விழும். வெளிச்சம் உங்கள்மேல் விழும்படி இடம் மாறுங்கள்.

போன் அசையும் மூட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். தோளுக்குத் தோள் உயரம், கட்டிலில் செய்யும் கால் பயிற்சிக்குக் கட்டில் உயரம். ஒருவர் நின்றபடி மேலிருந்து எடுத்தால் கை பாதிதான் ஏறியிருந்தாலும் முழுதாக ஏறியதுபோலத் தெரியும். ஸ்டாண்ட் இல்லையென்றால் ஸ்டூல்மேல் அரிசி டப்பாவை வைத்துப் போனைச் சாய்த்துக்கொள்ளலாம். எட்டடி தள்ளி வையுங்கள். இடம் போதவில்லை என்று 0.5 அகல லென்ஸுக்கு மாற்றாதீர்கள்; ஓரங்கள் வளைந்து கோணம் தப்பாகும்.

கையைப் பக்கவாட்டில் தூக்குவதை முதுகுப் பக்கமிருந்தும், முன்னால் தூக்குவதைப் பக்கவாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். தோள்பட்டை எலும்பு எப்படி நகர்கிறது என்பதுதான் பிசியோதெரபிஸ்டுக்கு முக்கியம். ஆண்கள் பனியனோடு நின்றால் போதும். பெண்கள் முந்தானையைச் செருகி, கூந்தலைக் கொண்டையாகப் போட்டுக்கொள்ளலாம்.

இருபது தடவை செய்வதை முழுதும் எடுக்க வேண்டியதில்லை. முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் தனித்தனியாக எடுங்கள், ஒவ்வொன்றும் 15 விநாடி. தசை அசரும்போது எங்கே ஏமாற்றத் தொடங்குகிறது என்பது கடைசி மூன்றில்தான் வெளிப்படும். எந்தக் கை, எந்த உயரத்தில் வலி வருகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். செல்ஃபி கேமராவில் எடுத்தால் இடது வலது மாறித் தெரியலாம் என்பதால் இது அவசியம். அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்காது. அனுப்பிய பிறகு கேலரியிலும் கூகுள் போட்டோஸிலும் தங்கியிருப்பதை அழித்துவிடுங்கள். வீட்டில் பலர் ஒரே போனைப் பார்க்கிறார்கள், உடம்பு தெரியும் வீடியோ அதில் கிடக்கக் கூடாது.

கேமராவில் பார்த்துப் பயிற்சியை எண்ணும் ஏ.ஐ. ஆப் இருக்கிறதாம். நம்பலாமா?
– வாசகர், வில்லியனூர்

எண்ணிக்கைக்கு நம்பலாம், தரத்துக்கு வேண்டாம். இந்த ஆப்கள் உடம்பில் சில புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கோடு போட்டுக் கோணம் கணக்கிடுகின்றன. கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் 33 புள்ளிகளை எடுக்கிறது. புடவை, நைட்டி, வேட்டி எதுவாக இருந்தாலும் முட்டி துணிக்குள் மறைந்துவிட்டால் ஆப் முட்டி இருக்கும் இடத்தை ஊகிக்கத்தான் செய்யும். லுங்கியை மடித்துக் கட்டுங்கள், அல்லது சுவரின் நிறத்திலிருந்து மாறுபட்ட டிராக் பேன்ட் போடுங்கள். பேரப்பிள்ளை குறுக்கே வந்தால் எண்ணிக்கை குழம்பும்.

கை தூக்கும்போது தோள் காதை நோக்கி ஏறுவது, இடுப்பைச் சாய்த்துக் கையை உயர்த்துவது, மூச்சை அடக்கிக்கொள்வது, இவையெல்லாம் பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். “சபாஷ், பதினைந்து!” என்று அது சொன்ன பதினைந்தும் தவறாகச் செய்யப்பட்டிருக்கலாம். புதுப் பயிற்சியை முதலில் பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிவிட்டு, பிறகு ஆப்பிடம் எண்ணக் கொடுங்கள்.

ஆப் 15 வீதம் மூன்று செட் செய்யச் சொல்கிறது. எனக்கு எட்டிலேயே வலிக்கிறது. தொடரலாமா?
– வாசகி, பாகூர்

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். முட்டித் தேய்மானத்துக்கான பயிற்சியில் 4 வரை வந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலி இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஆப்பில் அதை மாற்ற முடியாவிட்டால் ஆப்பை விட்டுவிடுங்கள். புது அறுவைக் காயமோ எலும்பு முறிவோ இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் டாக்டர் சொன்ன அளவுதான்.

பக்கவாதத்தில் கணவருக்கு இடது கை பலவீனமாகிவிட்டது. போனில் விளையாடினால் விரல் தேறும் என்கிறார்கள்.
– வாசகி, அரியாங்குப்பம்

திரையைத் தேய்ப்பது ஒரு விரலின் சின்ன அசைவு. அவருக்குத் தேவை பிடிப்பது, தூக்குவது, விடுவது. டம்ளரை எடுத்து வைப்பது, துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது, மேசைமேல் துண்டைத் தள்ளுவது போன்றவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். போனை டைமராக வைத்து 15 நிமிடம், நாளில் மூன்று தடவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேசைமேல் போனைச் சாய்த்து செல்ஃபி கேமராவைத் திறந்து வைத்தால், உடம்பு ஒரு பக்கம் சாய்வதை அவரே பார்த்து நிமிர்வார். இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறவராக இருந்தால் போனைச் சற்று இடப்பக்கம் வையுங்கள்.

பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். வீடியோவில் பார்த்து, உத்தரத்தில் கயிறும் கப்பியும் மாட்டிக் கையை இழுக்கும் பயிற்சியும் வேண்டாம். தளர்ந்த தோள் மூட்டு அதில் காயப்படும். நடக்கும்போது கையில் போனே இருக்கக் கூடாது. புதிதாக வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். நடையில் கால் ஒட்டிக்கொள்கிறது. மெட்ரோனோம் ஆப் உதவுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

சீரான தாளத்தில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் மெட்ரோனோம் பலருக்கு உதவுகிறது. அவர் இயல்பாக நடக்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை அடி என்று எண்ணுங்கள். 90 என்றால் ஆப்பில் 90 வைத்துத் தாளத்துக்கு அடி வைக்கப் பழகட்டும். பழகியதும் 95, பிறகு 99. பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டினால் குறுகிய ஓட்டமாக மாறி முன்னால் சாய்வார். காதில் இயர்போன் வேண்டாம், ஸ்பீக்கரே போதும். திரை அணைந்ததும் ஒலி நின்றுவிடும் ஆப்களும் உண்டு. தாளம் திடீரென்று நின்றால் காலும் நின்றுவிடும், முன்கூட்டியே சரிபாருங்கள். கால் ஒட்டுவது திரும்பும்போதும் வாசற்படியிலும்தான் அதிகம். அங்கே நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

ரெட்டிச்சாவடியில் இருக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு அலைய முடியவில்லை. வீட்டுக்கே யாராவது வருவார்களா?
– வாசகர், ரெட்டிச்சாவடி

நீங்கள் கடலூர் மாவட்டம் என்பதால் வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) சேர்ந்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னியக்கோயிலில் இருப்பவர்களுக்கு இது தமிழ்நாட்டுத் திட்டம் என்பதால் பொருந்தாது. அவர்கள் ஜிப்மர் அல்லது புதுச்சேரி அரசு பொது மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவை அணுகலாம். மத்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’யில் டாக்டரிடம் வீடியோவில் பேச இரு பக்கத்தாருக்கும் வழி உண்டு.

யாரிடம் போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் தெளிவாகப் படம் பிடித்து ஒரே பி.டி.எஃப். கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தேதி போட்ட கோண அளவுகள், வலி மதிப்பெண், கடைசி வாரத்து 15 விநாடி வீடியோக்கள். சிக்னல் நிச்சயமில்லாத இடம், மழைக்காலத்தில் மின்சாரமும் போகும். ஆகவே பயிற்சி வீடியோக்களை முன்கூட்டியே இறக்கி வைத்து, பயிற்சி அட்டவணையை ஒரு தாளிலும் எழுதிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.