தையல் மெஷினில் வந்த திரை

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாகப் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக, அதாவது மின்சார மெஷினில் தைப்பவராக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிறிய திரையைப் பொருத்தினார்கள். தைக்கும் ஒவ்வொரு பீஸும் அதில் பதிவாகிறது. நூலைத் தானே வெட்டும் புது மெஷின்கள் வந்ததும், நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த நான்கு பெண்களை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது நாங்களா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் பிசிறு வெட்டுவது வேறு, தையல் வேறு. பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் ஓரம் சுருளும். கழுத்துக்கு ரிப் எனும் நெகிழும் பட்டைத் துணியை வைக்கும்போது ரிப்பை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது, உடல் துணியை எவ்வளவு தளர்த்தி விடுவது என்பது உங்கள் விரல்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. இரும்பையும் பிளாஸ்டிக்கையும் எளிதாகக் கையாளும் ரோபோக்கள் இந்தத் தொய்ந்த துணியிடம் இன்னும் தடுமாறுகின்றன.

எனக்குக் கவலை தருவது அந்தத் திரைதான். முன்பு பீஸ் கணக்கு உங்கள் நோட்டிலும் இருந்தது, சூப்பர்வைசர் நோட்டிலும் இருந்தது. இப்போது நொடிக்கணக்கு முழுவதும் கம்பெனியிடம் போய்விட்டது. 2005 ஜனவரி 1 அன்று ஒரு நாடு எவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த கோட்டா முறை முடிவுக்கு வந்த பிறகு, எந்த நாட்டில் குறைந்த விலைக்குத் தைத்துக் கிடைக்குமோ அங்கே ஆர்டரைக் கொடுக்கும் வாய்ப்பு பையர்களுக்கு, அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கிடைத்தது. அந்த விலைப் பேச்சின் சுமை கடைசியில் உங்கள் கைவேகத்தின் மீதுதான் இறங்குகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூரில் யாருடைய கையும் மெதுவாகிவிடவில்லை, ஆனாலும் ஆர்டர்கள் நின்றன. திரை அந்த வரியைக் காட்டாது. நீங்கள் எத்தனை பீஸ் குறைத்தீர்கள் என்பதை மட்டுமே காட்டும்.

ஆகவே ஷிப்ட் முடியும்போது அன்றைய கணக்கை எழுத்தில் தரும்படியும், ஊசி உடைந்த நேரத்தையும் தைக்க வேண்டிய துணிக்கட்டான பண்டில் வராமல் காத்திருந்த நேரத்தையும் தனியாகப் பதியும்படியும் லைனில் உள்ள எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்; தனியாகக் கேட்க வேண்டாம். உங்கள் பழைய நோட்டையும் விட்டுவிடாதீர்கள். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டு, அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்திலும் தொடரும் உரிமை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கும் அது பொருந்தும். ஓவர்லாக், பிளாட்லாக் என்ற இரண்டு வகைத் தையல் மெஷின்களிலும் கை பழகியிருந்தால் வேறு கம்பெனியில் சேருவதும் எளிது.

நிறுத்தப்பட்ட அந்த நால்வரை மறக்காமல் எழுதினீர்களே, அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆள்குறைப்பு செய்யும்போது, முந்தைய ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தர வேண்டும். அத்துடன் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் இழப்பீடாகச் சட்டப்படி உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண், சம்பளம் வரவான வங்கிப் பதிவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நால்வரும் சேர்ந்தே போகட்டும்.