நாலு புள்ளி திரும்பி வருமா? – வாசகர் கேள்வி பதில்

(சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்குள் வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் புள்ளி வெட்டு, அதாவது விதித்த எல்லைக்கு மேல் நட்டப்பட்ட கழகங்களின் புள்ளியைக் குறைப்பது, பற்றியவை. திருகோணமலை உதைபந்தாட்ட ஊர் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் இந்தளவு எதிர்பார்க்கவில்லை. இந்த 2024 ஏப்ரல் இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே விட்டுவிட்டேன்.)

கேள்வி: ஐயா, நவம்பரில் 10 புள்ளியை வெட்டினார்கள், பெப்ரவரியில் 4ஐத் திருப்பித் தந்தார்கள், இப்போது ஏப்ரல் 8இல் மறுபடியும் 2ஐ வெட்டியிருக்கிறார்கள். எங்கள் எவர்ட்டனுக்கு உண்மையில் எத்தனை புள்ளிதான் இருக்கிறது? – எவர்ட்டன் ரசிகர், உவர்மலை

பதில்: மைதானத்தில் எடுத்தது 35, கையில் இருப்பது 27. இரண்டாவது மேன்முறையீட்டில் முழுவதும் வென்றாலும் 29க்கு மேல் போகாது.

முதல் வழக்கு 2021–22 வரையான மூன்று வருடக் கணக்கு. மூன்று வருடத்துக்கு 10 கோடியே 50 இலட்சம் பவுண் வரை நட்டப்படலாம் என்பது விதி, எவர்ட்டன் அதற்கு மேலே 1 கோடியே 95 இலட்சம் பவுண் போய்விட்டது. மேன்முறையீட்டில் ஒன்பது காரணம் சொன்னார்கள், ஏழு எடுபடவில்லை. எடுபட்ட இரண்டும் முக்கியமானவை: புதிய மைதானக் கடன் விசயத்தில் கழகம் நேர்மையாக நடக்கவில்லை என்று முதல் குழு எழுதியது பிழை, வேறு லீக்குகளில் இப்படியான குற்றத்துக்கு எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று பார்க்காமல் விட்டதும் பிழை. கடனில் மூழ்கி நிர்வாகத்தையே வேறு ஆட்களிடம் ஒப்படைக்கும் கழகத்துக்கு பிரீமியர் லீக்கில் 9 புள்ளிதான் போகும், கணக்கு மீறியதற்கு 10 என்றால் எங்கேயோ இடிக்கிறதுதானே? அந்த வகையில் உங்கள் கோபம் நியாயமானது. நவம்பர் 26இல் தங்கள் மைதானமான குடிசன் பார்க்கில் ஆயிரக்கணக்கானோர் இளஞ்சிவப்பு அட்டைகளைத் தூக்கிப் பிடித்ததும் அதற்குத்தான் (அன்றைக்கு மூன்றாம் நிமிடமே மான்செஸ்டர் யுனைடெட்டின் கர்னாச்சோ தலைகீழாகப் பாய்ந்து ஒரு கோல் அடித்து எல்லாவற்றையும் கெடுத்தார், அது வேறு கதை).

இரண்டாவது வழக்கில் நான் லீக்கின் பக்கம் கொஞ்சம் சாய்வேன். 5 புள்ளியில் தொடங்கி, இரண்டு வருடக் கணக்கு முதல் வழக்கிலும் இருந்ததால் 2ஐ விட்டார்கள், உடனே ஒத்துக்கொண்டதற்கும் ரஷ்ய அனுசரணைப் பணம் நின்றுபோனதற்கும் சேர்த்து இன்னொன்றையும் விட்டார்கள். இதற்கு மேல் என்ன குறைப்பது?

கேள்வி: ஒரு முதலாளி தன் சொந்தக் காசைக் கொட்டி நட்டப்பட்டால் லீக்குக்கு என்ன வந்தது? அவருடைய காசு, அவருடைய தலைவிதி. – கிண்ணியா வாசகர்

பதில்: முதலாளி இருக்கும் வரைக்கும் சரி. அவர் எழும்பிப் போன பிறகு? போர்ட்ஸ்மௌத் 2008இல் எஃப்ஏ கிண்ணத்தைத் தூக்கியது. 2010இல் நிர்வாகம் கைமாறி, 9 புள்ளி போய், பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, 2013இல் பார்த்தால் நான்காம் பிரிவில் நிற்கிறது. போட்டி நாளில் முதலுதவிக்கு வந்து நின்ற சென் ஜோன் அம்புலன்ஸ்காரருக்கும் கழகம் காசு கொடுக்க வேண்டியிருந்தது. கொட்டிய முதலாளிகள் யாரும் நான்காம் பிரிவு வரைக்கும் கூட வரவில்லை, ரசிகர்கள்தான் போனார்கள். விதி வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை.

கேள்வி: நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் பிரெனன் ஜோன்சனை நல்ல விலைக்குத்தானே விற்றது? அந்தக் காசைக் கணக்கில் சேர்க்காமல் 4 புள்ளியை வெட்டினால் அது அநியாயம் இல்லையா? மேன்முறையீட்டில் கிடைக்குமா? – பாலையூற்று வாசகர்

பதில்: கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். கணக்கு ஜூன் 30இல் முடிந்தது, ஜோன்சனை டொட்டன்ஹாமுக்கு விற்றது செப்டெம்பர் 1இல், ஏறக்குறைய 4 கோடியே 75 இலட்சம் பவுணுக்கு. பொறுத்திருந்ததால்தான் நல்ல விலை கிடைத்தது, அவசரப்பட்டு ஜூனில் விற்றிருந்தால் குறைவாகத்தான் வந்திருக்கும் என்பது ஃபொரஸ்ட்டின் வாதம். வியாபாரமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் அடகுக்கடைத் தவணை முடிந்து இரண்டு மாதம் கழித்து வட்டியும் முதலுமாகக் காசோடு போய் நின்றால் நகை இருக்குமா?

இன்னொன்று, மூன்றில் இரண்டு வருடம் கீழ்ப்பிரிவில் இருந்ததால் அவர்களுக்கான எல்லை 6 கோடியே 10 இலட்சம் மட்டும்தான், மீறியதோ 3 கோடியே 45 இலட்சம். எவர்ட்டன் மீறியதை விட இது அதிகம். 6 புள்ளி என்று கணக்குப் போட்டு, நன்றாக ஒத்துழைத்தார்கள் என்று 2ஐ ஏற்கனவே விட்டும் ஆயிற்று.

கேள்வி: தம்பி, எனக்குப் பந்து விளங்காது. எவர்ட்டனுக்கு செல்சியோடு விளையாட்டு என்று மகன் இராத்திரி பன்னிரண்டரைக்கு எழும்பி இருந்தான், 6–0 என்று தோற்ற பிறகும் படுக்கவில்லை, தீர்ப்பு வந்ததா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தத் தீர்ப்பு எப்போதுதான் வரும்? – ஒரு தாய், திருக்கடலூர்

பதில்: அம்மா, இன்றைக்கு வந்த எல்லாக் கேள்வியிலும் உங்களுடையதுதான் சரியான கேள்வி. கடைசிப் போட்டி மே 19. மேன்முறையீடுகளை முடிக்க லீக் வைத்திருக்கும் கடைசித் திகதி மே 24. அதாவது எல்லாரும் விளையாடி முடித்து, அழுகிறவர்கள் அழுது, கொண்டாடுகிறவர்கள் கொண்டாடி, ஐந்து நாள் கழித்து மூன்று பேர் ஓர் அறைக்குள் இருந்து யார் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது என்று சொல்லலாம். எனக்கு இந்த விசயத்தில் கோபம் என்றால் இதில்தான். தண்டனை கொடுக்கட்டும், குறைக்கட்டும், கூட்டட்டும், ஆனால் கணக்கு முடிந்தது போன ஜூனில், அதை அடுத்த மே வரைக்கும் இழுத்தால் மைதானத்தில் விளையாடுவதற்கு என்ன அர்த்தம்? காசைச் செலவழித்தவருக்கு வக்கீல் இருக்கிறார், உங்கள் மகனுக்கு நித்திரைதான் போகிறது. ஃபீஃபா நமது இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை 2023 ஜனவரியில் இடைநிறுத்தி ஆகஸ்ட்டில் விட்டபோதும், திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் பந்து உதைக்கிற பிள்ளைகள் செய்யாத தப்புக்குத்தான் காத்திருந்தார்கள்.

தீர்ப்பு வந்தால் எப்படியும் காலையில் செய்தியில் இருக்கும், படுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் லூட்டன் ரசிகன். சிரிக்க வேண்டாம். – நிலாவெளி வாசகர்

பதில்: சிரிக்கவில்லை, சத்தியமாக. வீடுகளுக்கு நடுவே வாசல் திறந்து, வெளியூர் ரசிகர்கள் யாரோ வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு மேலால் படி ஏறிப் போகிற கெனில்வர்த் ரோட் மைதானத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் அந்தக் கழகத்தைப் பிடிக்கும். ஆனால் கேள்வி கேட்காமலே விட்டுவிட்டீர்கள், ஆகவே நீங்கள் கேட்க நினைத்ததை நானே ஊகிக்கிறேன்: மற்றவர்கள் மேன்முறையீட்டில் புள்ளியைத் திரும்ப எடுத்தால் 25 புள்ளியோடு நிற்கும் உங்கள் கதி என்ன? ஃபொரஸ்ட்டுக்கு 26, எவர்ட்டனுக்கு 27. அவர்களுக்கு ஒரு புள்ளி திரும்பினாலும் அது உங்கள் தலையில்தான் விழும். அந்த விசாரணையில் லூட்டனுக்காகப் பேச ஆள் கிடையாது. 2008–09இல் இதே லூட்டனுக்கு 30 புள்ளியை வெட்டி, அந்த வருடமே லீக்கை விட்டே வெளியே அனுப்பினார்கள், அங்கிருந்து நடந்து வந்து கடந்த வருடம் பிரீமியர் லீக்குக்குள் நுழைந்தது. 4க்கும் 2க்கும் அழுகிறவர்களைப் பார்த்து நீங்கள்தான் சிரிக்க வேண்டும்.

கேள்வி: மான்செஸ்டர் சிட்டியின் 115 குற்றச்சாட்டு என்ன ஆயிற்று? பெரிய கழகம் என்றால் பயமா? – மூதூர் வாசகர்

பதில்: நிதி விதிகளை மீறியதாக லீக் 2023 பெப்ரவரியில் சுமத்தியது, 2024 ஏப்ரலான இன்றுவரை முதல் விசாரணையே தொடங்கவில்லை. எவர்ட்டன் கணக்கு மீறியதை ஒத்துக்கொண்டது, ஒத்துக்கொண்ட வழக்கு கெதியாக முடியும். சிட்டி ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை, வக்கீல்களும் ஏராளம். ஐரோப்பிய உதைபந்தாட்ட சம்மேளனம் 2020இல் போட்ட இரண்டு வருடத் தடையை அதே வருடம் மேன்முறையீட்டில் உடைத்து, 3 கோடி யூரோ அபராதத்தை 1 கோடியாக்கிய கழகம் அது. பயமோ இல்லையோ, அவசரப்பட மாட்டார்கள்.

கேள்வி: 21ஆம் திகதி எவர்ட்டன்–ஃபொரஸ்ட் போட்டியில் யார் வெல்வார்? – தம்பலகாமம் வாசகர்

பதில்: எவர்ட்டன், 1–0. ஞாயிறு மாலை 6 மணிக்கு, திருக்கடலூர் அம்மாவின் மகனும் நித்திரை முழிக்காமல் பார்க்கலாம்.