எந்த நாடகத்தைப் போடுவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாடகக் குழு வைத்திருக்கிறோம். மொத்தம் 14 பேர், அதில் 5 பேர் பெண்கள். ஆறு வருடமாக வீதி நாடகமும் அரை மணி நேர நாடகங்களும் போட்டு வருகிறோம். குடி, குழந்தைத் திருமணம், ஆற்று மணல் என்று ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிற நாடகங்கள். வரும் சித்திரையில் முதல்முறையாக இரண்டு மணி நேர முழு நாடகம் ஒன்றை மேடையில் போடுவதென்று முடிவு செய்தோம். எந்த நாடகம் என்பதில்தான் இரண்டு மாதமாகச் சண்டை. ஒரு சாரார் சோழர் சரித்திரம் போட்டால் கூட்டம் வரும் என்கிறார்கள். இன்னொரு சாரார் சிரிப்பு நாடகம் போதும் என்கிறார்கள். நானும் இன்னும் இருவரும் நூலகத்திலிருந்து எட்டு நாடகப் புத்தகங்கள் எடுத்துப் படித்தோம். சில பிடித்தன, சில புரியவே இல்லை. எங்கள் குழுவில் குடியானத் தெருக்காரர்களும் காலனிக்காரர்களும் சேர்ந்தே இருக்கிறோம். "வம்பு வராத நாடகமாகப் பாருங்கள்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு ஏற்ற நாடகம் எதுவென்று சொல்ல முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். மூன்று பேர் எட்டுப் புத்தகங்களைப் படித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற 11 பேர்? அந்த எட்டு நாடகங்களிலிருந்து ஒரு வசனமாவது அவர்கள் காதில் விழுந்ததா? விழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் சண்டை இரண்டு மாதமாக ஓடுவதற்கு அதுதான் காரணம். நாடகத்தின் பெயரை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். நாடகத்தை இன்னும் யாரும் கேட்கவில்லை.

மாயவரத்தில் நடந்த ஒரு விஷயம் சொல்கிறேன். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எழுதிவிட்டு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி முன்னால் வைக்கிற பாட்டு, கேட்டுப் போனார். பிள்ளைக்கு அதில் இலக்கணப் பிழைகள்தான் கண்ணில் பட்டன. பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரை பாரதியார் கதைக்குள் கொண்டுவந்திருந்ததும் அவருக்கு ஒப்பவில்லை. கொடுக்காமல் நாளைக் கடத்தினார். ஒருநாள் பிள்ளை பகலில் படுத்திருந்த நேரம், திண்ணையில் உட்கார்ந்து பாரதியார் தன் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தார். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிற செய்தி இது. நூல் அதேதான், பிழைகளும் அப்படியேதான் இருந்தன. காதில் விழுந்த பிறகு மகாவித்துவானுக்கே அது வேறு நூலாகிவிட்டது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது வாசிப்பு. இப்போது புரட்டாசி. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் ராத்திரியில் வேறு வேலை கிடையாது. வாரம் ஒரு நாடகம், 14 பேரும் வட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். பிரதியை செராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் இரண்டு பேருக்கு ஒன்றாவது. யாரும் நடிக்க வேண்டாம். அவசரப்படாமல் படித்தால் போதும். காட்சிக்குக் காட்சி ஆளை மாற்றுங்கள். வழக்கமாகக் கதாநாயகன் வேடம் கட்டுகிறவருக்கு அன்றைக்கு ஒரே ஒரு வரி வேலைக்காரன் பாகம் கொடுங்கள். படித்து முடித்த உடனே கருத்துக் கேட்காதீர்கள். நான்கு நாள் கழித்து, எந்த நாடகத்தின் வசனத்தை உங்கள் ஆட்கள் டீக்கடையில் தங்களை அறியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். நான் பார்த்தவரை அதைவிட நம்பகமான வாக்கெடுப்பு இல்லை.

புரியவில்லை என்று நீங்கள் மூடிவைத்த புத்தகங்களில் ந. முத்துசாமியின் நாடகமும் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அவர் நம் பக்கத்துக்காரர், செம்பனார்கோயிலுக்குப் பக்கத்தில் புஞ்சை என்கிற கிராமம். சென்னைக்குப் போய் 1977-ல் கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழுவைத் தொடங்கினார். ஆனால் ஒரு நாடகத்துக்குத் தன் ஊர்ச் சாமி நற்றுணையப்பனின் பெயரை வைத்தவர். 'நாற்காலிக்காரர்' நாடகத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தால் ஒன்றோடொன்று ஒட்டாத பேச்சாகத் தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். நம் ஊர்த் திண்ணையில் கேட்ட பேச்சின் தாளம் அதில் இருக்கும். உங்கள் முழு நாடகத்துக்கு அதன் நீளம் போதாது. ஆனாலும் முதல் வார வாசிப்புக்கு அதையே எடுங்கள், காது திறக்கும்.

சோழர் நாடகம் பற்றி. தஞ்சாவூர் பெரிய கோயிலில் இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் ராஜராஜேசுவர நாடகம் ஆடுகிற சாந்திக்கூத்தன் என்கிற கூத்துக்காரருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுக்கச் சொல்கிறது. அந்த நாடகத்தின் ஒரு வசனம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நெல் கணக்கு மட்டும் கல்லில் நிற்கிறது. சோழனைப் பற்றி மேடையில் சொல்ல வேண்டும் என்கிற ஆசை இந்த மண்ணில் ஆயிரம் வருடப் பழக்கம். உங்கள் நண்பர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் குழுவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு 22 பாத்திரங்கள் உள்ள ஒரு சரித்திர நாடகத்தை எடுத்தோம். பாதிக்கு மேல் வசனம் ராஜாவுக்கே. நல்ல குரல் உள்ள பையன் ஒருவன் இருந்தான், அவனை நம்பித்தான் எடுத்தோம். அரங்கேற்றத்துக்கு 19 நாள் இருக்கும்போது அவனுக்கு சிங்கப்பூர் வேலை உறுதியாகிவிட்டது. போக வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? வீட்டில் இரண்டு தங்கைகள். வேறு ஒருவருக்கு அவசரமாகப் பாடம் பண்ண வைத்தோம். மேடையில் அவர் மூன்றாம் காட்சியில் தடுமாறினார், அதற்குப் பிறகு நாடகம் எழுந்திருக்கவில்லை. அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. முழு நாடகத்தையும் ஒருவன் தோளில் ஏற்றிவைத்தது எங்கள் தேர்வு. நம் பக்கத்தில் எந்தக் குழுவிலும் இருபத்தைந்து வயதுப் பையன்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள். சுமை பிரிந்து கிடக்கிற நாடகமாகப் பாருங்கள். அதோடு சரித்திர நாடகம் என்றால் உடை வாடகை, கிரீடம், வாள் என்று உங்கள் கையிருப்பு நடிப்புக்கு முன்பே தீர்ந்துவிடும்.

சிரிப்பு நாடகம் சுலபம் என்று நினைத்து எடுப்பதாக இருந்தால் வேண்டாம். அரை நொடி தாமதத்தில் சிரிப்பு செத்துவிடும். திறந்த வெளியில், குழந்தைகள் ஓடுகிற கூட்டத்தில், அந்த அரை நொடியைக் காப்பாற்ற நல்ல அனுபவம் வேண்டும். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எவற்றைப் படிப்பது? இந்திரா பார்த்தசாரதியின் 'மழை' நல்ல நாடகம், ஆனால் நான்கே பாத்திரங்கள். மீதி பத்துப் பேர் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். அது மூடிய அறையில், தாழ்ந்த குரலில் நடக்க வேண்டிய நாடகம். கோயில் முன் பந்தலில் தாங்காது. தி. ஜானகிராமனின் 'நாலுவேலி நிலம்' சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழு போட்ட நாடகம், 1959-ல் படமாகவும் வந்தது. மன்னார்குடி பக்கத்துக்காரர் எழுதியது. வேலி என்கிற நில அளவு எவ்வளவு என்று உங்கள் கூட்டத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைக் கட்டாயம் படியுங்கள். விஜய் டெண்டுல்கரின் 'அமைதி! நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கிறது' உங்களை மாதிரி ஒரு நாடகக் குழுவைப் பற்றியதுதான். வெளியூருக்கு நாடகம் போட வந்தவர்கள், பொழுதுபோக்காக ஒரு பொய் விசாரணை நடத்துகிறார்கள். குழுவில் இருக்கிற ஆசிரியை ஒருத்தியைக் கூண்டில் நிறுத்துகிறார்கள். விளையாட்டு போகப் போக நிஜமாகிவிடுகிறது. ஒரே அறை, பத்துப் பேருக்குள், செலவே கிடையாது. உங்கள் ஐந்து பெண்களும் அதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்புறம் சே. ராமானுஜத்தின் 'வெறியாட்டம்'. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைத் தலைவராக இருந்தவர் அவர். கிரேக்க நாடகமான 'ட்ரோஜன் பெண்க'ளை எடுத்து நம் ஒப்பாரிக்குள் கொண்டுவந்து வைத்தார். போரில் ஆண்களை இழந்த பெண்கள்தான் மேடை முழுக்க. ஒப்பாரி சொல்லத் தெரிந்த பாட்டிகள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளாமல் அதை எடுக்காதீர்கள்.

ஐந்து பெண்கள்தானே என்று பாகங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகத் தனி ரயிலே விட்டார்கள் என்று சொல்வார்கள். மெலட்டூரில் நடக்கிற பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகத்தில் இன்றைக்கும் ஆண்களே பெண் வேடம் கட்டுகிறார்கள். யார் எந்த வேடம் என்பதை வாசிப்பில் குரல் சொல்லும்.

என் விருப்பம் எது என்று கேட்டால், இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'. 1970-களில் எழுதியது. சிதம்பரம் போகத் துடித்த பண்ணையாள் நந்தன் நெருப்பில் இறங்கியதைப் பக்தியின் அற்புதமாகப் பார்க்காமல், மேலே இருந்தவர்களின் சூழ்ச்சியாகப் பார்க்கிறது. ஆட்டம், பாட்டு, கூட்டம் எல்லாம் வேண்டிய நாடகம், 14 பேருக்கும் வேலை இருக்கும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாட்டுகளை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பஜனையில் பாடியிருப்பார்கள். தெரிந்த கதையைத் தெரியாத பக்கத்திலிருந்து பார்க்கிற அதிர்ச்சி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

வம்பு வருமா? வரலாம். நெருப்பு என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் பழைய புராணம் மட்டும் நினைவுக்கு வராது. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த நாடகத்தை வெளியூர்க் குழு வந்து போடுவதைவிட நீங்கள் போட வேண்டும் என்கிறேன். இரண்டு தெருவும் சேர்ந்த குழு நீங்கள். நம் கிராமங்களில் அது எத்தனை அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஊரை ஏமாற்றிப் போடாதீர்கள். அந்தப் பெரியவரை ஒரு வாசிப்புக்குக் கூப்பிடுங்கள். காலனியில் ஒரு வாசிப்பு, குடியானத் தெருவில் ஒரு வாசிப்பு வையுங்கள். கேட்ட பிறகு எதிர்க்கிறவர்களோடு பேச முடியும், கேள்விப்பட்டு எதிர்க்கிறவர்களோடு முடியாது. உங்கள் குழுவிலேயே ஒருவர், ஒரே ஒருவர், இதில் நடித்தால் என் வீட்டில் நிம்மதி இருக்காது என்று சொன்னால், அதை மதித்து 'நாலுவேலி நில'த்துக்குப் போய்விடுங்கள்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லை. ஏழரைக்குத் திரை தூக்கினால்தான் இரண்டு மணி நேர நாடகம் அடங்கும். வாசிக்க ஒன்றரை மணி எடுக்கிற பிரதி மேடையில் இரண்டு மணியைத் தொடும், அதற்கு மேல் போனால் இப்போதே குறையுங்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை உரிமை உண்டு. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவரிடமும் கேட்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் அமெச்சூர் குழு போடுவதற்குச் சட்டம் சலுகை கொடுக்கிறது. இருந்தாலும் எழுதியவருக்கோ குடும்பத்துக்கோ ஒரு கடிதம் போடுங்கள், அது மரியாதை. வெட்டுவதானால் அதையும் சொல்லிக் கேளுங்கள். ஒத்திகையை தை அறுப்பு முடிந்ததும் தொடங்குங்கள். பங்குனியில் உளுந்து, பயறு எடுக்கப் பெண்கள் போய்விடுவார்கள், அந்த இரண்டு வாரத்துக்கு அவர்கள் இல்லாத காட்சிகளை வையுங்கள்.

முதல் மழை விழுந்ததும் உட்காருங்கள். 'நந்தன் கதை'க்கு வருகிற அன்று ஆண்டைகளின் வசனத்தைக் காலனிப் பிள்ளைகள் படிக்கட்டும், நந்தனைக் குடியானத் தெருக்காரர் ஒருவர் படிக்கட்டும். இரண்டாவது முறை மாற்றிப் படியுங்கள். அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.