கிளம்புது, ஓடமாட்டேங்குது: பழைய டிராக்டர் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் முக்கால்வாசிக்கு ஒரே வியாதி. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. பட்டறைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எப்படி நின்றது என்றுதான். திணறித் திணறி நின்றதா, டக்கென்று நின்றதா? டீசல் கிடைக்காத இன்ஜின் பெரும்பாலும் திணறித்தான் நிற்கும்.

அவிநாசியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, காலையில் ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது. ஏர் எடுத்தால் (டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியே விட்டால்) ஓடுகிறது. மறுநாள் பழைய கதைதான். எங்கேயும் டீசல் ஒழுகவில்லை.

ஒழுகாததால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை தம்பி. லிப்ட் பம்ப் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போகும். தினமும் ஏர் எடுப்பது வைத்தியமே இல்லை. காற்று நுழையும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசலை ஊற்றி, இன்ஜினை விட உயரத்தில் வையுங்கள். டேங்க் டியூபைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து புது டியூப் ஒன்றை நேராக லிப்ட் பம்புக்குக் கொடுங்கள். ஏர் எடுத்துவிட்டு ஓட விடுங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்க், குழாய், டியூபில். அப்போதும் நின்றால் லிப்ட் பம்பிலோ அதற்குப் பிறகோ. அரை மணி நேர வேலை, ஆயிரக்கணக்கில் மிச்சம்.

அடுத்து டீசல் குழாய் இணைப்புகளில் உள்ள வாசர்கள். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் அதே செம்பு வாசரைத் திரும்பப் போட்டிருப்பீர்கள். அது இறுகிப்போய் உட்காராது. புதுசு கொஞ்சக் காசுதான், வாங்கிப் போடுங்கள். கடை தூரம் என்றால் பழசைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுங்கள், மறுபடி இளகிவிடும். பில்டர் கிண்ணத்தின் ரப்பரையும் பாருங்கள்.

ஏர் எடுக்கும் வரிசை: முதலில் பில்டர் மேல் திருகு, பிறகு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்பின் திருகு, கடைசியில் இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலின் நட்டு. குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது, கைப்பம்பை (லிப்ட் பம்பில் கையால் அடிக்கும் நெம்புகோல்) அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். கைப்பம்ப் லொடலொடவென்று ஆடி, டீசலை அடிக்காமல் இருந்தால் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே லிப்ட் பம்பை இயக்கும் கேம் தூக்கி நிற்கிறது. இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியுங்கள். நாசில் நட்டிலிருந்து டீசல் பீச்சும்போது கையை மட்டும் வைத்துவிடாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தாராபுரம்: காட்டில் இருபது நிமிஷம் உழவு ஓட்டினால் திணறி நிற்கிறது. பத்து நிமிஷம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகிறது. பில்டர் புதுசு.

நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துவாரம் அடைத்திருக்கிறது. போன வருஷம் இப்படி ஒரு வண்டி வந்தது. பம்பைக் கழற்றி இரண்டு இடத்தில் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். மூடியைத் திருப்பிப் பார்த்தால், அந்த ஊசி முனைத் துவாரத்தில் குளவி மண் வைத்திருந்தது. மூடி தொலைந்துவிட்டது என்று பாலிதீன் கவரை வைத்துக் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். மூடி நன்றாக இருந்தால் டேங்கைக் கழுவுங்கள். அடியில் கிடக்கும் குப்பை, ஓடும்போது வாயை அடைத்து, நின்றதும் விலகிக்கொள்ளும்.

கோபி: வெள்ளைப் புகை, விட்டு விட்டு அடிக்கிறது, நிற்கிறது.

மழைக்குப் பிறகா? பேரலில் வைத்த டீசலா? காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பில்டர் அடித் திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். பேரலின் அடி வண்டலை உறிஞ்சாதீர்கள்.

காங்கேயம்: ஒரு மணி நேரம் லோடு இழுத்து, சூடாக நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஆறினால் ஆகிறது.

பழைய மாசி (மாசி பெர்குசன்) டிராக்டர் பலவற்றில், நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்ப ரோட்டரி பம்ப்தான் வரும். அதற்கு ஓடும் டீசலேதான் எண்ணெய். தூசி டீசல் ஓடி ஓடி உள்ளே தேய்ந்திருக்கும். சூட்டில் டீசல் இளகியதும் தேய்ந்த இடுக்கில் நழுவி, நாசிலுக்குப் போதுமான அழுத்தம் கிடைப்பதில்லை. அடுத்த முறை நின்றதும் ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆகிவிட்டால் பம்பை டெஸ்ட் பெஞ்ச் (பம்பைச் சோதிக்கும் மெஷின்) இருக்கும் இடத்தில் கொடுங்கள், வீட்டில் பிரிக்க வேண்டாம். ரேடியேட்டரில் குமிழி வந்தால் அது வேறு, ஹெட் கேஸ்கட்.

பொள்ளாச்சி: நார் மில் பக்கம் ஓடும் வண்டி. கரும்புகை, ஏற்றத்தில் நின்றுவிடுகிறது.

ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றுங்கள். எண்ணெய்க்குப் பதில் களி இருக்கும். கழுவி, கோடு வரைக்கும் மட்டும் எண்ணெய் விடுங்கள். கூடினால் இன்ஜின் அந்த எண்ணெயையே இழுத்துக் குடிக்கும்.

பல்லடம்: ரேஸைக் குறைத்தால் டக்கென்று நிற்கிறது.

ஸ்டாப் கேபிள் முழுக்கத் திரும்புகிறதா பாருங்கள். சரியாக இருந்தால் ஸ்லோ திருகைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அவ்வளவுதான்.

பெருந்துறையிலிருந்து ஒரு அம்மணி: அப்பாவின் வண்டிங்க. அடிக்கடி நிற்கிறது. போர் (சிலிண்டர் உள்சுவர்) போய்விட்டது, இன்ஜின் முழுக்க இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

அவசரப்படாதீங்க அம்மணி. போர் தேய்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்குத்தான் சண்டித்தனம் செய்யும், ஆன பிறகு புகை கக்கிக்கொண்டே ஓடும். நின்று நின்று போவது பெரும்பாலும் டீசல் கோளாறு. ஆயில் அளவுகுச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு கூடியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், லிப்ட் பம்பின் டயாப்ரம் கிழிந்து டீசல் ஆயிலில் இறங்குகிறதோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். அப்படியானால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம், நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும். டயாப்ரம் மாற்றி, ஆயிலும் ஆயில் பில்டரும் புதிதாகப் போட்டு ஒரு வாரம் ஓட்டச் சொல்லுங்கள். இன்ஜின் இறக்கும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.