கோத்தகிரிக் குளிரில் அக்வாபோனிக்ஸ்: வேலை குறையணும் என்றால் மீன் குறையணும்

கேள்வி: சார், கோத்தகிரி பக்கம் எங்களுக்கு 60 சென்ட் தேயிலையும், வீட்டுக் கொல்லையில் மீன் தொட்டித் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் ஓர் அக்வாபோனிக்ஸ் அமைப்பும் இருக்கிறது. 1000 லிட்டர் தொட்டி, ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டரில் இரண்டு ஜல்லிப் படுக்கை, படுக்கையில் தண்ணீர் நிரம்பியதும் தானாக வடித்துவிடும் பெல் சைபன். மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் லெட்டூஸ் நன்றாக வந்தது, இப்போது அடி இலைகள் மஞ்சளாகிச் செடி வளராமல் நிற்கிறது. போன ஜனவரியில் 60 திலேப்பியாவில் பாதி செத்துவிட்டது. ஊற்றுத் தண்ணீர்தான் விடுகிறோம், பிஹெச் தாள் 5.5 காட்டுகிறது. நான் வாரத்தில் நான்கு நாள் மேட்டுப்பாளையம் மண்டியில் இருப்பேன், வீட்டில் அம்மா மட்டும்தான். அதிக வேலை இல்லாமல் பத்து வருஷம் ஓடுகிற மாதிரி மாற்ற முடியுமா?

பதில்: முடியும். குன்னூருக்குக் கீழே என் வீட்டில் ஒன்று பதினோரு வருஷமாக ஓடுகிறது. முதல் நான்கு வருஷம் நானும் உங்களைப் போலத்தான், மீனை அதிகமாக விட்டுவிட்டு ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தேன்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான விஷயம் அந்த 5.5. பிஹெச் 7-க்குக் கீழே இறங்க இறங்கத் தண்ணீர் புளிக்கிறது, அதாவது அமிலமாகிறது என்று அர்த்தம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது, அதைச் செடி எடுத்துக்கொள்கிறது, இது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த மாற்றம் நடக்கும்போதெல்லாம் கூடவே கொஞ்சம் அமிலமும் உண்டாகிறது. சமவெளியில் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருப்பதால் அது பல மாசம் தாங்கும். நம்முடைய ஊற்றுத் தண்ணீர் மழை பெய்து பாறை வழியே வந்தது, குடிக்க ருசி, துணி துவைத்தால் நுரை பொங்கும், ஆனால் அமிலத்தைத் தாங்க அதில் ஒன்றுமே இல்லை. பிஹெச் 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையைக் குறைத்துவிடும். குளிரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட தூங்கிவிடும், மீனும் தீனி எடுக்காது. அப்புறம் செடிக்கு எங்கிருந்து சாப்பாடு? அடி இலை முதலில் மஞ்சளாவது தழைச்சத்துப் பற்றாக்குறை. இதுவே கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து குறைவு, அதற்குச் செலேட் செய்த, அதாவது செடி எடுத்துக்கொள்ளும்படி தண்ணீரில் கரைந்தே இருக்கும் இரும்பு கொஞ்சம் போட வேண்டும். உங்களுடையது அது இல்லை.

சரி, பிஹெச்சை ஏற்றிவிடலாம் என்று இன்றைக்கே ஒரு கைப்பிடி சுட்ட சுண்ணாம்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். பாக்டீரியா தூங்கினதால் உங்கள் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்து கிடக்கும். புளித்த தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் வடிவில் இருப்பதால் மீனை அவ்வளவாகத் தாக்காது, ஆனால் பிஹெச் திடீரென்று 8-ஐத் தாண்டினால் அதில் ஒரு பகுதி விஷ அம்மோனியாவாகி ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கொன்றுவிடும். முதலில் நான்கு நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், எடுத்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுங்கள். பிஹெச் ஒரு நாளில் 0.2, 0.3-க்கு மேல் ஏற வேண்டாம். 6.5-க்கும் 7-க்கும் நடுவில் வந்துவிட்டால் போதும், 7.5 எல்லாம் நமக்குத் தேவையே இல்லை.

நிரந்தர ஏற்பாடு ரொம்ப எளிது: கிளிஞ்சல், அதுவும் மெதுவாகக் கரையும் சுண்ணாம்புதான். கோழித் தீவனக் கடையில் முட்டைக் கோழிக்காக வாங்குவார்களே, அந்தச் சிப்பி நொறுக்கு, தூள் வேண்டாம். இரண்டு கிலோவை வெங்காய வலைப்பையில் கட்டிப் படுக்கையிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீர் புளிக்கப் புளிக்கக் கரையும், 7-ஐத் தாண்டினால் கரைவது நின்றுவிடும் அளவுக்குக் குறைந்துவிடும், அதனால் அளந்து போடும் வேலையே கிடையாது. அம்மாவுக்கு இதைவிட வசதியான மருந்து இல்லை. கணக்குப் பார்த்தால் ஒரு கிலோ தீவனத்துக்கு 150-லிருந்து 200 கிராம் வரை கரையும், உங்கள் அளவுக்கு அந்தப் பை அரை வருஷத்துக்காவது வரும். மாசம் ஒருமுறை பையைக் கசக்கி வழவழப்பை மட்டும் கழுவிவிட்டால் போதும். மீன் பண்ணைக்காரர்கள் ஆப்பசோடா போடுவார்களே என்று கேட்பீர்கள். அங்கே செடி இல்லை. நமக்கு அதில் உள்ள சோடியம் வருஷக்கணக்கில் சேர்ந்து கீரையைக் கெடுக்கும். அவசரத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால் பொட்டாசியம் பைகார்பனேட் சிட்டிகை சிட்டிகையாகப் போடலாம், செடிக்குச் சாம்பல் சத்தும் கிடைத்த மாதிரி.

அடுத்து மீன். கோத்தகிரி 1800 மீட்டர் உயரத்தை ஒட்டியது, ஜனவரி விடியற்காலையில் சின்னத் தொட்டித் தண்ணீர் 10, 12 டிகிரிக்கு இறங்கினால் திலேப்பியா தாங்காது, அது 18-க்குக் கீழேயே தீனியைக் குறைத்துவிடும் ஜாதி. அதை வளர்க்க மீன்வளத் துறை அனுமதியும் வேண்டும், அது தனிக் கதை. குளிர்ந்த தண்ணீர் மீனான டிரௌட் விடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். அவலாஞ்சியில் அது வளர்வது ஓடுகிற ஓடைத் தண்ணீரில், உங்கள் தொட்டியில் மார்ச் மாசத்தைத் தாண்டாது. சாதாக் கெண்டை (காமன் கார்ப்) விடுங்கள். அதில் கண்ணாடிக் கெண்டை வகையை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள், ஊட்டி ஏரியில் எல்லாம் விட்டார்கள், இந்தக் குளிர் அதற்குப் பழகிய குளிர். மெதுவாகத்தான் வளரும், சமவெளியில் ஒரு வருஷத்தில் வரும் எடைக்கு இங்கே இரண்டு வருஷம் பிடிக்கும். விற்க நினைத்தால் இது தொல்லை. வீட்டுக் குழம்புக்கும் கீரைக்கும் என்றால் இதுவே நல்லது.

எத்தனை? 20, அதற்கு மேல் ஒன்று கூட வேண்டாம். 60 மீன் விட்டால் மோட்டார், ஏர் பம்ப், கரண்ட் எல்லாமே ஒரு மணி நேரம்கூடத் தவறக்கூடாது. 20 விட்டால் ஆடி மழையில் மரம் விழுந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வராவிட்டாலும் பதற வேண்டியதில்லை. சாயங்காலத்துக்கு மேலும் கரண்ட் வராத நாளுக்கு மட்டும் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும். தீவனம் நல்ல வெயில் காலத்தில் நாளைக்கு 50 கிராம். கீரைக்குச் சதுர மீட்டருக்கு 40, 50 கிராம் என்று பொதுவாகச் சொல்வது சூடான ஊருக்கு, நம் குளிருக்கு நான் பாதிதான் சொல்வேன். பத்து நிமிஷத்தில் தின்று முடிக்காததை வலையில் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் சுத்தமாக நிறுத்துங்கள். நான்கைந்து நாள் பட்டினி கிடந்தால் கெண்டைக்கு ஒன்றும் ஆகாது. தானாகத் தீனி போடும் கருவி வாங்காதீர்கள், நம் மூடுபனியில் தீவனம் ஊறி வாயை அடைத்துக்கொள்ளும். தீவனத்தை மூடி இறுகும் தகர டின்னில் வீட்டுக்குள் வையுங்கள், வாசனைக்குக் கரடி வருவதை உங்கள் ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெல் சைபனைக் கழற்றி எறியுங்கள். கொஞ்சம் வேர், கொஞ்சம் பாசி சேர்ந்தாலே நின்றுவிடும், நீங்கள் மண்டியில் இருக்கும் நாளாகப் பார்த்து நிற்கும். ஜல்லி மட்டத்துக்கு இரண்டு இஞ்ச் கீழே வழிகிற மாதிரி ஒரு நிற்கும் பைப் வைத்து, சுற்றி ஓட்டை போட்ட பெரிய பைப்பைக் காவலாக வைத்துவிட்டால் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 40 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் மாசம் 29 யூனிட்டுக்குள்தான். ஜல்லி முக்கால் இஞ்ச், நம் கருங்கல்லே போதும். அதில் மண்புழு விடுங்கள், சகதியை அது பார்த்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு படுக்கையை மட்டும் கிளறித் தொட்டித் தண்ணீராலேயே அலசுங்கள், இரண்டையும் ஒன்றாகக் கழுவினால் பாக்டீரியா மொத்தமும் போய்விடும். புதினாவைப் படுக்கையில் வைக்க வேண்டாம், என் பைப்பை அது இரண்டு தடவை அடைத்துவிட்டது.

டிசம்பர், ஜனவரியில் பனி விழும் ராத்திரி ஜல்லி வழியே தண்ணீர் சுற்றினால் தொட்டியின் சூடு முழுக்கப் போய்விடும். டைமர் போட்டுக் காலை 9 முதல் மாலை 5 வரை மோட்டார், ராத்திரி ஏர் பம்ப் மட்டும். தொட்டியைப் பாதி மண்ணில் புதைத்து மேலே மூடி போட்டால் இன்னும் நல்லது. அந்த மாசங்களில் செலரி, பாலக், வெங்காயத்தாள் போதும், தக்காளி ஆசை வேண்டாம்.

தேயிலைக்காரர் என்பதால் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கொப்புள நோய்க்கு அடிக்கிற காப்பர் ஆக்சிகுளோரைடு மீனுக்கு விஷம், அதுவும் நம்முடையது போன்ற மென்மையான தண்ணீரில் கொஞ்சம் செம்பே போதும். மருந்தடிக்கும் நாளில் தொட்டியை மூடுங்கள், பக்கத்துத் தோட்டத்தில் அடித்தாலும்தான். ஸ்பிரேயரை அந்தப் பக்கமே கழுவக் கூடாது. தகரக் கூரைத் தண்ணீரும் வேண்டாம். நான் புதுத் தகரம் மாற்றிய வருஷம், மழைத் தண்ணீர் சும்மா போகிறதே என்று தொட்டிக்குத் திருப்பிவிட்டேன், மூன்றாம் நாள் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன. தகரத்தின் மேல் பூசியிருக்கும் துத்தநாகம்தான் இறங்கியது. என் புத்தி, வேறு யாரைச் சொல்ல.

புதுக் குஞ்சு இப்போது வாங்காதீர்கள். மார்ச் முதல் வாரம் போதும், அதற்குள் கிளிஞ்சல் தன் வேலையைச் செய்திருக்கும். பவானிசாகர் பக்கம் கிடைக்கும், உங்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து போவது சுலபம். விடியற்காலையில் எடுத்து மலையேறுங்கள். வந்ததும் பையைப் பிரிக்காமல் அரை மணி தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு டம்ளர் டம்ளராகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, இன்னொரு அரை மணி கழித்து மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.