வாசகர் கேள்வி: கோயில் முற்றத்தில் விழுந்த தாய்வான்

கேள்வி: சித்திரைப் புத்தாண்டுக்குக் கோயிலில் சீரியல் லைட் போட்டிருந்தோம். இரவு எட்டு மணி வாக்கில் முற்றத்தில் ஒரு பறவை விழுந்தது. மேலே சாம்பல் நிறம், அடியில் வெள்ளை. காயம் இல்லை, ஆனாலும் பறக்கவில்லை. தூக்கி வீசினால் பறந்துவிடும் என்கிறார்களே, சரியா?
(கோயில் குழு உறுப்பினர், சென்-லூயி, ரெயூனியன் தீவு)

பதில்: வீசவே வீசாதீர்கள், கீழே விழுந்து இறக்கை ஒடியும். நீங்கள் பார்த்தது பாரோ பெட்ரெல் என்ற கடற்பறவையின் குஞ்சு. நம் தீவின் கிரியோல் பேச்சில் 'தாய்வான்' என்பார்கள், தைவான் நாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிட்டோன் தெ நேஜ், கிராண் பெனார் மலை உச்சிகளில் வளையில் பிறந்து, ஏப்ரல் வாக்கில் இருட்டியதும் முதன்முறையாகக் கடலுக்குக் கிளம்பும். ஊர் வெளிச்சத்தில் திசை தடுமாறி விழுந்துவிடும். இறக்கை நீளம், கால் குட்டை, அதுவும் பின்தள்ளி இருக்கும். சமதரையிலிருந்து அதனால் எழும்ப முடியாது.

துண்டு ஒன்றை மேலே போட்டு, இறக்கைகளை உடம்போடு சேர்த்து அணைத்து எடுங்கள். அலகு நுனி கொக்கி போல வளைந்தது, நன்றாகவே கடிக்கும். பயந்தால் வயிற்று எண்ணெயைக் கக்கும், அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, பெட்டிக்கு ஒன்றாக வையுங்கள். தண்ணீர், பால், மீன் எதுவும் வேண்டாம். வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாயில் போகும், மேலே சிந்தினால் இறகு நனையும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற இடத்தில் வைக்காமல், இருட்டான, அமைதியான அறையில் வைத்துவிட்டு, பறவையியல் சங்கமான செயோருக்குப் போன் செய்யுங்கள். அக்கம்பக்கத்துத் தீயணைப்பு நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். நீங்களே கடற்கரையில் விடாதீர்கள். சங்கத்தார் சோதித்துப் பார்த்து, காலில் அடையாள வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். அடிபடாத குஞ்சுகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: கோபுர விளக்கை இரவு ஒரு மணிக்கு அணைத்துவிடுகிறோம். சட்டப்படி அது போதும்தானே?
(அதே வாசகர்)

பதில்: சட்டத்துக்குப் போதும், பறவைக்குப் போதாது. பிரான்ஸ் அரசின் 2018 டிசம்பர் அரசாணை கட்டட அலங்கார ஒளிக்கு அதிகாலை 1 மணியைத்தான் கடைசி வரம்பாக வைத்திருக்கிறது. குஞ்சுகளோ பெரும்பாலும் இருட்டிய முதல் சில மணி நேரத்திலேயே விழுகின்றன. பூசை முடிந்த கையோடு அணைத்துவிடுவதே நல்லது. முக்கியமாக அமாவாசையை ஒட்டிய இரவுகளில். நிலா வெளிச்சம் இருக்கும்போது விழுவது குறைவு. கோபுரத்தின் அடியிலிருந்து வானத்தைப் பார்த்து அடிக்கும் ஃபோகஸ் லைட்தான் முதல் குற்றவாளி. மேலே தகரமூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள். நீலம் கலந்த வெள்ளை எல்இடியை மாற்றி, மஞ்சள்-ஆரஞ்சு பல்பு போடுங்கள். பெட்டியில் ஒளியின் நிறத்தைக் காட்டும் கெல்வின் எண் 2200-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குத்துவிளக்கு, அகல் விளக்கு எரிவதால் தொந்தரவு இல்லை.

கேள்வி: மலைக்குள் இருக்கும் சிலாவோஸ் ஊரில் இருக்கிறோம். எங்கள் பூனையாலும் இந்தப் பறவைக்கு ஆபத்தா?
(ஒரு வாசகி)

பதில்: ஆம். கூடுகள் இருக்கும் மலைகளில் காட்டுப் பூனையாகத் திரிபவை பெரும்பாலும் வீட்டிலிருந்து போனவையும் அவற்றின் வழிவந்தவையும்தான். பெட்ரெல் வருடத்துக்கு ஒரே முட்டைதான் இடும், ஒரு பூனை ஒரு வளையைக் கண்டுபிடித்தால் அந்த வருடம் அந்த ஜோடிக்குப் போச்சு. பூனைக்குக் கருத்தடை செய்து, இரவில் உள்ளே அடையுங்கள். மலையேறும்போது சோற்று மிச்சத்தை அங்கே கொட்டாதீர்கள், எலியும் பூனையும் அதைத் தேடித்தான் மேலே வருகின்றன.